கோர்ட் பிரியும் வரை

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு எழுந்து போனபோது தட்டில் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. வண்டியை எடுத்த வேகத்தில் கேட்டைச் சாத்தவும் மறந்துபோனாய். போகிற போக்கில் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அம்மா, வியாழக்கிழமை நீங்க கமிட்டிக்கு வராதீங்க. ப்ளீஸ்.” நான் வருகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை வாசித்து ஏமாற வேண்டாம். ஏன் வருகிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் அனுப்பினால் இது உன் மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துவிடும். அதனால் நம் ஊர்த் தமிழர்கள் நடத்தும் வாரப் பத்திரிகைக்கே கொடுக்கப் போகிறேன். புதன்கிழமை வெளிவரும். உன் பெயரைப் போடவில்லை. என் பெயரைப் போட்டால் உன்னைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது என்பதால் அதையும் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை எப்படியும் எல்லோருக்கும் தெரியத்தான் போகிறது. ஒரு நாளாவது நீ நிம்மதியாக இரு.

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சட்ட மசோதாக்களை எழுதிக்கொடுக்கும் வேலையில் நீ இருக்கிறாய். இப்போது சட்டசபைக் குழுவின் முன்னால் இருக்கும் மசோதாவில் பாதிக்குமேல் உன் கையெழுத்தில் பிறந்தது. அதற்கு இரண்டு பாகம். சின்னச் சின்ன கிரிமினல் வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில், வேண்டுமானால் போன் வழியாகவே, வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்பது முதல் பாகம். குற்ற வழக்கில் சிறைத் தண்டனை பெற்றவர்கள் பத்து வருடத்துக்குப் பஞ்சாயத்துத் தேர்தலிலும் நகரசபைத் தேர்தலிலும் நிற்கக் கூடாது என்பது இரண்டாம் பாகம். ரௌடிகளும் கைகால் வெட்டியவர்களும் கவுன்சிலராகி நம் வீட்டு வாசலில் வந்து கும்பிடு போடுவதைப் பார்த்துச் சின்ன வயதிலிருந்தே உனக்கு வயிறு எரியும். எனக்கும்தான். உன் எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை நான் கோபத்தில் மறந்துவிட்டதாக நினைக்காதே.

முப்பத்தோரு வருடமாகக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஒற்றை அறையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர். உன் அப்பா தம்பானூரில் ஹோட்டல் சரக்கு மாஸ்டராக அடுப்பில் வெந்ததும், நான் மனுவும் பத்திரமும் அடித்ததும் சேர்ந்துதான் உன்னைச் சட்டக் கல்லூரிவரை கொண்டுபோய் விட்டது. திருநெல்வேலியில் பிறந்து, கல்யாணம் ஆகி இந்த மலையாள ஊருக்கு வந்து, மலையாளம் எழுதப் படிக்கக் கற்றவள் நான். அந்தத் திறமைதான் என்னைக் கெடுத்தது. ஒரு நாள் ஒரு வக்கீல் ஓடிவந்தார். “சேச்சி, ஒண்ணு வரணே. அகத்தொரு தமிழன் நிக்குந்நு, அவனொந்நும் மனசிலாவுந்நில்லா.” உள்ளே நிற்கிற தமிழனுக்கு ஒன்றும் புரியவில்லை, வந்து சொல்லிக்கொடு என்றார். போனேன். கட்டட வேலைக்கு வந்த ஆள், பஸ் ஸ்டாண்டில் சத்தம் போட்டதாக வழக்கு. மாஜிஸ்திரேட் கேட்டதைத் தமிழில் சொன்னேன், அவன் சொன்னதை மலையாளத்தில் சொன்னேன். சத்தியம் செய்யச் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. வெளியே வந்ததும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு உடம்பெல்லாம் பெருமை.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் யாராவது ஒரு வக்கீலோ போலீஸ்காரரோ வந்து கூப்பிடுவார்கள். சாலைக் கடைகளில் மூட்டை தூக்குபவர்கள், ஹோட்டலில் மாவாட்டுபவர்கள், கழக்கூட்டம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளில் செங்கல் சுமப்பவர்கள், எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். முதல் ஆறு மாதம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். ‘நான் செய்யவில்லை’ என்று சொன்னவன் அடுத்த மாதம் வருவான், அதற்கடுத்த மாதம் வருவான், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வான். ஒப்புக்கொண்டவனோ ஃபைனைக் கட்டிவிட்டு மத்தியானமே வேலைக்குப் போய்விடுவான். அதனால் வராந்தாவிலேயே வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்: “ஒத்துக்கோப்பா. இல்லைன்னு சொன்னா ஆறு தடவை வரணும். நான் பாத்துக்கிடுதேன், நீ சும்மா நில்லு.” அது பொய்யில்லை. அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ‘குற்றம் சம்மதிக்குந்நுண்டோ?’, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டதும், அதைத் தமிழில் சொல்லாமலேயே, பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “சம்மதிக்குந்நு, சார்” என்று நான் சொல்லத் தொடங்கியது எந்த வருடம் என்று எனக்கு ஞாபகமே இல்லை. யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. ஊருக்குப் போய் வருபவர்கள் எனக்கு முருங்கைக்காயும் அதிரசமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ‘கோர்ட்டக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நான் சிரிப்பேன், நீயும் வீட்டில் அப்படிக் கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறாய்.

வீட்டிலும் நான் அதே ஆள்தான் என்பதற்கு உன்னையே சாட்சிக்குக் கூப்பிடலாம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து லேப் ஜன்னல் உடைந்ததே, நினைவிருக்கிறதா? மூன்று பையன்களின் பெயரைச் சொன்னார்கள், அதில் ஒன்று உன்னுடையது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “நான் அந்தப் பக்கமே போகல்லம்மா” என்று நீ சொன்னாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஆனால் என் அறையில் அன்று மூன்று பேர் மனு அடிக்கக் காத்திருந்தார்கள். “ஒரு பேப்பர்ல மன்னிச்சிருங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வா மக்கா, தீந்து போச்சு” என்றேன். வார்த்தைகளையும் நானே சொல்லிக்கொடுத்தேன், நீ எழுதினாய். பத்து நாள் கழித்து வேறு ஒரு பையன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். தலைமையாசிரியர் ‘போட்டே’, போகட்டும் விடு என்று கையை ஆட்டிவிட்டார், உன் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. நீ நான்கு நாள் என்னோடு பேசவில்லை. உன் அப்பா ராத்திரி சோறு பிசைந்தபடி கேட்டார்: “அவன் சொன்னதை நீ காதுல வாங்குனியா?” “பிரச்சினை தீந்துச்சு இல்ல” என்றேன் நான். மகனே, அதற்கு நான் உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், பத்திரிகையில் அச்சாகும்படி கேட்கிறேன்.

செல்லக்கனியை உனக்குத் தெரியும். கிள்ளியாற்றங்கரைச் சந்தில் குடியிருக்கிறவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, சித்தாள் வேலை. நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தச் சந்தில் பத்துப் பன்னிரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடங்களை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்த ஊழியரை யாரோ பிடித்துத் தள்ள, அவர் விழுந்து கையில் அடிபட்டது. செல்லக்கனி அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறாள். போலீஸ் எழுதிக்கொண்ட பெயர்களில் அவள் பெயரும் ஏறிவிட்டது. சம்மன் வந்ததும் நேராக என்னிடம் வந்தாள். பேச்சு மலையாளம் அவளுக்குக் கொஞ்சம் வரும், எழுத்து வராது. குற்றப்பத்திரிகையை நான்தான் வாசித்தேன். அதில் இரண்டு குற்றம் இருந்தது. ரோட்டை மறித்தது ஒன்று. கடமையில் இருந்த அரசு ஊழியரைத் தள்ளித் தடுத்தது இன்னொன்று.

“யக்கா, நான் அங்கன உக்காரவே இல்லக்கா. வேலை விட்டு வந்தேன், நின்னு பாத்தேன், அம்புட்டுத்தான்” என்றாள். முதல் குற்றத்தை மட்டும் அவளிடம் சொல்லி, ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். இரண்டாவதைச் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் சண்டைக்கு நிற்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளை நான் ஏமாற்றினேன் என்பதற்கு வேறு பெயர் வைக்க இந்தக் கடிதத்தில் முயற்சி செய்ய மாட்டேன். அன்று என் மேசையில் ஒரு விற்பனைப் பத்திரம் பாதியில் நின்றது, அவ்வளவுதான் காரணம். உள்ளே கேள்வி வந்தது, ‘சம்மதிக்குந்நு, சார்’ என்றேன். ஃபைனும், கோர்ட் பிரியும் வரை காவலும் என்று தீர்ப்பு. உனக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அதுவும் சிறைத் தண்டனைதான். ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள், அன்றைக்கு மாஜிஸ்திரேட் எழுந்து போகும்வரை கோர்ட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அவளிடம் சொன்னது வேறு: “ஃபைன் கட்டியாச்சு. சாயங்காலம் வரைக்கும் இந்த பெஞ்சுல இரு, பேப்பர் வரும்.” நடுவில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் மாஜிஸ்திரேட் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள், இவளும் எழுந்தாள். “பேப்பர் வரலையேக்கா?” என்றாள். “அனுப்பிருவாங்க, நீ போ” என்றேன். தான் ஒரு தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டோம் என்று தெரியாமலே அவள் பழவங்காடியில் இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ அந்த மசோதாவின் அச்சுப்படியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். சேமியா பாயசம் வைத்தேன். டைப் அடிக்கிறவள் வாசிக்கிற மாதிரி எழுத்தெழுத்தாக வாசித்தேன். தேர்தலில் நிற்கக் கூடாதவர்கள் யார் என்ற இடத்தில், சிறைத் தண்டனை ‘எவ்வளவு குறுகிய காலமானாலும்’ என்று இருந்தது. “கோர்ட் பிரியும் வரைங்கறதும் இதுல வருமா?” என்று கேட்டேன். “வரும் அம்மா. அதுக்காகத்தான் அந்த வரி வச்சது. நான்தான் எழுதினேன். அல்லாட்டா அது ஒரு லூப்ஹோல் ஆயிடும்” என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் இன்னொரு கரண்டி பாயசம் விட்டேன், வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடியும், மூட வேண்டிய இடத்தில் திறந்தும் பழகிய பிறவி நான்.

அடுத்த வாரமே செல்லக்கனி வந்தாள். இந்த நான்கு வருடத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். அந்தச் சந்துக்குப் புதுக் குழாய் வந்தது அவளால்தான். ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, உட்காரச் சொல்லாத இடத்தில் உட்கார்ந்து, பதில் வராமல் எழுந்திருக்காமல் வாங்கினாள். அடுத்த தேர்தலில் அவளைத்தான் நிறுத்துவது என்று சந்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். வேட்பாளர் கொடுக்க வேண்டிய சத்தியப் பத்திரத்தின் மாதிரியை யாரோ கொடுத்திருக்கிறார்கள், அதை இப்போதே அடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அவசரம். வரி வரியாக நான் கேட்டேன், அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா என்ற இடம் வந்தது. “இல்லைன்னு அடிங்கக்கா. ரோட்டுல உக்காந்ததுக்கு ஃபைன் கட்டுனேன், அதை வேணா போடுங்க. மறைக்கதுக்கு என்ன இருக்கு?” என்றாள். மடியில் கனம் இல்லாதவளின் பேச்சு. என் விரல் ஓடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். “நான் ஜெயிலுக்குப் போயிருக்கேனா? எப்பக்கா?” என்றாள். “அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களே, அதுவா ஜெயிலு?” என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். இரண்டாவது குற்றத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “நான் அந்த ஆளைத் தள்ளுனேன்னு நீங்க சொன்னீங்களா?” “ஆமா.” “நான் சொன்ன மாதிரி?” “ஆமா.” அவள் எழுந்து போய்விட்டாள், பையைக்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பையை எடுக்க வந்தபோது நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “உங்க மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? நாளைக்கு எம் புள்ள அந்த பேப்பரைப் பாத்தா, எங்கம்மா ஒருத்தனைக் கை நீட்டுனவன்னுல்ல நினைப்பான். எங்க நின்னு சொன்னீங்களோ அங்க போய் நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. சட்டம் போடுதவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க. என்னை மாதிரி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாதுல்லா?” என்றாள். தெரியாது. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவர்கள் பெயர்கூட என்னிடம் இல்லை. யாரெல்லாம் எதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அவளுடைய வழக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மேல்கோர்ட்டுக்கு ஒரு வக்கீல் மூலம் மனு போயிருக்கிறது. நடந்தது என்ன என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட சத்தியப் பத்திரம் அதோடு இருக்கிறது. இதைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டாய். “அதான் குடுத்தாச்சில்லம்மா? அவங்க கேஸ் அங்க சரியாகும். கமிட்டியில வந்து எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு எந்தா நிர்பந்தம்? கோர்ட்ல தப்பாச் சொன்னேன்னு நீங்களே சொன்னா உங்க மேல கேஸ் எடுப்பாங்க. பின்னெ என் ஜோலி? நான் எழுதின மசோதாவை என் அம்மாவே வந்து எதிர்த்தாங்கன்னு சிரிக்க மாட்டாங்களா?” என்றாய். நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. வேலையில் சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, உன் மனைவிக்கு நிறைமாதம் வேறு. ஆனால் செல்லக்கனிக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் தெரியாதவர்களுக்கு மேல்கோர்ட்டில் மனுப் போட முடியாது. அவர்களுக்காகப் பேசக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கமிட்டி மேசை.

நீ எழுதிய மசோதாவை இன்னும் ஒரு முறை வாசித்துப் பார். முதல் பாகம் ஒப்புக்கொள்வதை எளிதாக்குகிறது. வராந்தாவில் நின்று நான் செய்த வேலையை இனி ஒரு போன் செய்யும், அதுவும் முருங்கைக்காய் வாங்காமல் செய்யும். இரண்டாம் பாகம், அப்படி ஒப்புக்கொண்டவரைப் பத்து வருடம் வெளியே நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயே, நடுவில் யார் நிற்கிறார்கள் என்று நினைத்தாயா? நீ பிடிக்க நினைத்த பெரிய ரௌடி ஒப்புக்கொள்ளவே மாட்டான். அவனுக்கு வக்கீல் உண்டு, சாட்சியை மாற்ற ஆள் உண்டு, தள்ளிவைக்க நோய் உண்டு. அவன் வழக்கு நடந்துகொண்டே இருக்கும், அவன் நிரபராதியாகவே நாமினேஷன் போடுவான். கடுகு போன இடத்தை ஆராய்கிறாய், பூசணிக்காய் போன இடம் உனக்குத் தெரியவில்லை. தேர்தலைச் சுத்தம் செய்கிறேன் என்று தண்ணீருக்காகக் குடத்தோடு உட்கார்ந்தவளைப் பெருக்கித் தள்ளினால், அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம்.

எனவே வியாழக்கிழமை நான் என்ன கேட்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘எவ்வளவு குறுகிய காலமானாலும்’ என்ற அந்த வரியை எடுக்க வேண்டும். சின்ன வழக்கில் ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனையைக் காட்டி யாரையும் தேர்தலில் நிற்கவிடாமல் செய்யக் கூடாது. ஒப்புக்கொள்ளச் சொல்லும் முன், இதனால் உனக்கு இன்னின்னது போகும் என்று அவரவர் மொழியில் முழுவதும் சொல்ல வேண்டும், சொன்னவர் பெயர் எழுதப்பட வேண்டும். என்னை மாதிரி ஆட்களின் பெயர் எங்கேயும் எழுதப்படாததால்தான் இத்தனை வருடம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை யார் சொன்னாலும் ‘ஏதோ ஒரு சங்கம் சொல்கிறது’ என்று தள்ளிவிடுவார்கள். செய்தவளே வந்து சொன்னால் தள்ள முடியாது. அதனால்தான் நான் வர வேண்டும்.

என் மேல் கேஸ் வந்தால் வரட்டும். அப்போது மட்டும் ஒரு உதவி செய்: ‘ஒத்துக்குங்கம்மா, முடிஞ்சு போகும்’ என்று என்னிடம் வந்து சொல்லாதே. எதை எந்த நோக்கத்தில் செய்தேன் என்று குற்றப்பத்திரிகையில் சரியாக எழுதியிருந்தால் ஒத்துக்கொள்வேன், ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காகச் சண்டை போடுவேன். ஆறு தடவை வரச் சொன்னாலும் வருவேன், அறுபது தடவை வரச் சொன்னாலும் வருவேன். அறுபத்து மூன்று வயதாகிறது, முட்டி வலிக்கிறது, ஆனால் கோர்ட்டுக்குப் போகிற பஸ் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உன் வேலைக்கு ஆபத்து வந்தால், அந்த வரியை நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய், தப்பென்று தெரிந்ததும் மாற்றச் சொன்னாய் என்று நிமிர்ந்து நின்று சொல்லும் வாய்ப்பு உனக்கு இருக்கிறது. எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் அது வாய்த்தது. நீ இரண்டு மாதத்திலேயே செய்யலாம். உன் அப்பா இருந்தால் இதைவிடக் குறைவான வார்த்தையில் சொல்லியிருப்பார்.

கடைசியாக ஒன்று. கமிட்டியில் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ தமிழிலோ பேசலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். எனக்கு மலையாளம் உன்னைவிட நன்றாக வரும், அது உனக்கே தெரியும். இருந்தாலும் விண்ணப்பத்தில் தமிழ் என்றுதான் எழுதினேன். அந்த மனிதர்களின் வாயிலிருந்து வர வேண்டியதை நான் மலையாளத்தில் சொல்லிக் கெடுத்தேன், என் வாயிலிருந்து வர வேண்டியதையாவது நான் பிறந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேற்று திங்கட்கிழமை உன் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. தமிழில் பேசுபவர் சொல்வதைக் குழுவுக்கு மலையாளத்தில் எடுத்துச் சொல்ல ஓர் அலுவலர் இருப்பார் என்று எழுதி, உன் பதவியைப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் முகம் ஏன் அப்படி வெளுத்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

வேறு யாரையாவது போடச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் செய்தால் நான் கோபப்பட மாட்டேன், வருத்தப்படுவேன். உட்கார்ந்தாயானால் கேள்: நான் நிறுத்தி நிறுத்திப் பேசுவேன், உனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொள். நான் பொய் சொன்னேன் என்று சொல்லும்போது பொய் என்றே சொல், தவறு நேர்ந்தது என்று மெழுகாதே. ஏமாற்றினேன் என்று சொல்லும்போது ஏமாற்றினாள் என்றே சொல். அம்மா என்பதற்காக ஒரு சொல்லைக் குறைக்காதே, கோபத்தில் ஒரு சொல்லைக் கூட்டாதே. பின்வரிசையில் செல்லக்கனி உட்கார்ந்திருப்பாள். ஆபீஸ் ஆபீஸாக நின்று நின்று அவளுக்கு இப்போது மலையாளம் ஒரு வரி விடாமல் புரிகிறது. நீ ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அவள் எழுந்து நிற்பாள், நானும் அவளோடு நிற்பேன்.

உன் அம்மா